ஏழாம் வீட்டிலிருந்து ஓர் ஆள் கூட

ஏழாம் வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருந்தது.

கஜானி முதலில் அதை விரல் தவறிய பிழை என்றுதான் எடுத்துக்கொண்டாள். வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. வாவியோரத்து ஒழுங்கைகளில் வீடு வீடாக எடுத்த விபரங்கள், வீட்டுக்கு ஒன்றாக, அறுநூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளாய் நிவாரண அலுவலகத்தில் அவளுடைய கணினியில் கிடந்தன. ஆளுக்கு ஓர் உலருணவுப் பொதி கொடுப்பதால் தலைக்கணக்கு பிசகக்கூடாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க யாரால் முடியும்? பைதன் நிரல்மொழியில் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அது கோப்பைத் திறந்து ‘மொத்தம்’ என்ற குறிச்சொல்லுக்குள் இருக்கும் எண்ணை எடுக்கும். கீழே எத்தனை ‘பெயர்’ பதிந்திருக்கிறது என்று எண்ணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வீட்டிலக்கத்தைத் திரையில் காட்டும்.

ஒன்றிரண்டு வரும் என்று பார்த்திருந்தாள். இருபத்துமூன்று வந்தன.

எல்லாம் ஒரே ஒழுங்கை. ஏழாம் வீட்டிலிருந்து இருபத்தொன்பதாம் வீடு வரை, இடையில் ஒன்றும் விடுபடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெயரில்லாத ஓர் ஆள் கூடுதல். விபரம் எடுத்தவர் ஒருவரே, ஏறாவூர் முனாஸ் நானா.

பிற்பகல் மூன்று மணிதான், ஆனாலும் மழை இருட்டில் மாடி அறை கறுத்துக் கிடந்தது. மற்றவர்களெல்லாம் லொறியோடு பொதி கொடுக்கப் போயிருந்தார்கள். சீற் கூரையில் மழை கொட்டி ஓய்வதும், ஓய்ந்த இடைவெளியில் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், கீழே பூட்டிய கடையின் தகரக் கதவு காற்றில் நெளிவதும் தவிர வேறு சத்தமில்லை. முனாஸ் நானாவா? கழுத்தளவு தண்ணீரில் நின்று கிழவிகளைத் தோணியில் ஏற்றிய மனுசன். இருபத்துமூன்று பொதியை எங்கே கொண்டுபோகப் பார்த்தார்? முறைப்பாட்டுக் கடிதத்தின் முதல் வரியை எழுதினாள். பிறகு, ஒரு வீட்டையாவது கேட்டுவிடுவோம் என்று தொலைபேசியை எடுத்தாள்.

பதினோராம் வீட்டுச் சீதேவிப்பிள்ளைதான் பேசினார்.

“எங்கட வீட்டில நாங்க நாலு பேர்தான் மகள். ஆர் அஞ்சு எண்டது?”

“பதிவில அஞ்சு எண்டு கிடக்கு அம்மா. விபரம் எடுக்க வந்தவர் பிழையா எழுதிட்டார் போல.”



“அவர் ஆளைப் பாத்துத்தானே எழுதினவர்” என்றார் சீதேவிப்பிள்ளை மெல்ல. “அந்தப் பொம்பிளையையும் சேத்து எண்ணிட்டார் போல. அது எங்கட ஆளில்ல மகள். அவரோட வந்தது.”

“அவரோட ஒருத்தரும் வாறேல்லையே அம்மா. தனியத்தானே அனுப்பினது.”

“இல்ல மகள். அவர் படலையத் திறக்கக்குள்ள அது பின்னால நிண்டது. அவர் போகக்குள்ள பின்னாலேயே போச்சு.”

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள். சீதேவிப்பிள்ளை எடுக்கவில்லை.

கஜானி எழுதிய கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்தாள். தேட வேண்டிய இடத்தில் ‘குறிப்பு’ என்று மாற்றினாள். அந்த இருபத்துமூன்று கோப்பிலும் முனாஸ் நானா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஓடவிட்டாள்.

ஏழு: வேலியடியில் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை.

எட்டு: வேலியடியில் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை.

பதினைந்து: முற்றத்தில் ஒரு பெண். ஈரச் சேலை. பெயர் சொல்லவில்லை.

இருபத்திரண்டு: வாசற்படியில்.

இருபத்தொன்பது: வீட்டுக்குள், எனக்குப் பக்கத்தில்.

ஏழுக்கு முன்னால் என்ன? ஆறாம் வீட்டுக் கோப்பு ஸ்கிரிப்டில் சிக்கவில்லை, ஏனென்றால் அதில் மொத்தம் பூச்சியம், பெயரும் பூச்சியம். கணக்கு சரி. அதைக் கையால் திறந்தாள். குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது. வீடு சேற்றுக்குள், கதவு திறந்திருந்தது, உள்ளே நின்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், ஆளில்லை.

வெளிப்படியில் காலடி கேட்டது.

கஜானி எழுந்துவிட்டாள். முனாஸ் நானாதான், மழையங்கியிலிருந்து தண்ணீர் வழிய, கையில் டெப்லெட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், கதவு நிலையோடு ஒட்டி, ஒரு சேலைத் தலைப்பு. ஏதோ ஒழுங்கையிலிருந்து முறையிட வந்த பெண்ணாக்கும்.

“தங்கச்சி, இதுட பற்றரி செத்துப்போச்சு. இன்னும் ரெண்டு ஊடு பதிவில ஏத்தக் கிடக்கு” என்றார்.

“நானா, வாவிக்கரை ஒழுங்கையில வீட்டுக்கு ஓராள் கூட எழுதியிருக்கிறீங்களே. அது ஆர்?”

அவர் துவாயால் தலை துடைப்பதை நிறுத்தினார். “இரிந்த ஆளத்தானே எழுதினன். சில ஊடுகள்ல பேர் சொல்லல்ல. நான் என்னத்தச் செய்ய?”

“எல்லாம் ஒரே பொம்பிளையா?”

“பொம்பிளையள்ர முகத்தப் பாத்துக் கதைக்கிற பழக்கம் எனக்கில்ல தங்கச்சி. முக்காடு போட்டிருந்திச்சி. ஊட்டு ஆள் எண்டு நினைச்சன்.” அவருடைய குரல் தாழ்ந்தது. “ஏன்?”

கஜானி கதவுப் பக்கம் தலையை ஆட்டி, “முதல்ல உங்களோட வந்தவவ உள்ளுக்கு வரச் சொல்லுங்க, நனையிறா” என்றாள்.

“என்னோடயா?” முனாஸ் நானா அவளையே பார்த்தார். “நான் தனியத்தானே வந்தன். படியில நிண்ட ஆளச் சொல்றீங்களா? அவ உங்கட ஒபிஸுக்கு வந்தவ எண்டல்லோ நினைச்சன்.”

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

நிலை வெறுமையாக இருந்தது. சீமெந்துத் தரையில் ஈரம் மட்டும்.

முனாஸ் நானாவின் உதடு அசைந்தது. ஏதோ ஓதினார். டெப்லெட்டை மேசையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், சுவரோடு சுவராக நகர்ந்து, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார். “நானா, நில்லுங்க! நானும் வாறன்!” என்று கத்துவதற்குள் அவர் கீழே போய்விட்டார்.

கீழே மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் பற்றிக்கொண்டது. கஜானி சன்னலுக்கு ஓடினாள். அவர் போகட்டும். அது அவரோடு வந்தது, அவரோடு போகும். இருபத்துமூன்று வீட்டிலும் அப்படித்தானே போனது? ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லையே. மழைக்குள் சிவப்பு விளக்கு வாவிப் பக்கம் திரும்பியது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அவருக்குப் பின்னால் அந்தச் சேலை தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிய வேண்டும். தெரிந்தாக வேண்டும்.

பின் இருக்கையில் எவரும் இல்லை.

மழை சட்டென்று ஓய்ந்தது.

சேற்று நாற்றம். வாவியோரக் கண்ணாமரத்து அழுகிய இலை நாற்றம். அறைக்குள்தான்.

திரும்பினாள்.

கதவிலிருந்து ஈரப் பாதங்கள் உள்ளே வந்திருந்தன. மேசையைத் தாண்டி, கதிரையைத் தாண்டி, அறையின் நடுவில் நின்றிருந்தன. இரண்டு பாதம். விரல்கள் அவள் பக்கம். பாதங்களுக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு.

பிறகு, காய்ந்த தரையில், அவளுக்கு இன்னும் கிட்ட, மூன்றாவது பாதம் மெல்ல நனைந்து விரிந்தது.