தலையை ஆட்டாதே

“இனிமே நீங்க வராம இருந்தா நல்லது.”

முதன்முதலாகப் பேசியபோதே அவள் அவனிடம் சொன்னது இதுதான். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

மறதி நோய் கண்ட பெரியவர்களின் இல்லத்தில் அவள் நர்ஸ். அங்கே யாரும் வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். முகம், தூக்கம், சாப்பாடு, கைகள்... இவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் நலத்தை அவள் கணிக்க வேண்டும். மாடி அறைப் பெரியவரின் கைகள் மகனைக் கண்டாலே தவித்தன. பிடரியை அழுத்திக் குனிய வைத்தன. முடியைப் பிடித்து இழுத்தன. பழைய கோபம் என்று அவள் கணித்தாள்.

“எங்கப்பா என்னை அடிச்சதே இல்லைங்க” என்றான் அவன், மெதுவாக. மழையில் நனைந்து கழுத்தில் ஒட்டிய நீள முடி. அதற்கடியில் கலங்கிய கண்கள்... பாழாய்ப்போன அந்தக் கண்கள் அவளோடு வீடு வரை வந்தன.

அவன் வருவது நின்றது. பெரியவரின் கைகள் அடங்கின. கூடவே சாப்பாடும் நின்றது. பார்வை மட்டும் வாசலில்.

ஒருநாள் சோறு ஊட்டக் குனிந்தபோது அவள் முடிக்கற்றை முன்னால் சரிந்தது. பெரியவர் அதை ஒரு கையால் நீவிப் பிடித்து, மறுகையின் இரு விரல்களால் கத்தரித்தார்... வெறும் விரல்களால்!

அவளுக்கு உறைத்தது. வீட்டிலேயே முதல் பட்டதாரி என்ற கர்வம் அவளுக்கு. தப்பை ஒத்துக்கொள்வது முள்ளை விழுங்குவது போல. விழுங்கினாள். போன் செய்தாள்.

“உங்கப்பா என்ன வேலை பாத்தாரு?”

“சலூன் வெச்சிருந்தாரு. அவரைத் தவிர யார்கிட்டயும் நான் தலையைக் குடுத்ததில்லை. அதான் வளந்து கிடக்கு... ஏங்க?”

“நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். வாங்க.”

கண்ணாடி முன் அவனை உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினாள். பெரியவரிடம் சீப்பையும், காயக்கட்டு வெட்டும் முனை மழுங்கிய கத்தரியையும் கொடுத்தாள். அந்தக் கைகளில் நடுக்கமே இல்லை. மகன் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் தலையைப் பிடித்து நேராக்கினார்.

“ஆடாம இரு.” எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் பேசிய பேச்சு.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “எல்லாரும் உங்களை சிஸ்டர்னு கூப்பிடறாங்க. எனக்கு மட்டும்... அன்னிக்கே வாய் வரலை.”

அவள் குனிந்தாள். துண்டின் நுனியை அவள் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன... சொல்லத் தெரியாத ஆசையும் கைகளை இப்படித்தான் தவிக்க வைக்குமோ?

“வாரா வாரம் வாங்க” என்றாள். “முடி வளரலைன்னாலும்...”