புது மடிக்கணினிக்கு எத்தனை மதிப்பெண்?

காலை பத்து மணிக்கே முனீரா களைத்துப்போனாள். பள்ளி விடுமுறையில் மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போவார்கள், நீச்சல் குளத்துக்குப் போவார்கள். முனீரா என்னவென்றால் உம்மாவின் பின்னாலேயே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். வாப்பாவுக்கு விமான நிலையத்தில் பகல் ஷிஃப்ட். பத்து வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட உம்மாவுக்கு மனமில்லை. வேறு என்ன செய்ய?

உம்மாவின் பெயர் உம்மு சல்மா. முடியாதவர்களின் வீட்டுக்கே தாதியரை அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. தாதி போவதற்கு முன்னால் உம்மா போவார். யார் வருவார், எந்த நாளில் வருவார், என்னென்ன செய்வார் என்று மடிக்கணினியில் காட்டி விளக்குவார். பார்த்தவர் சம்மதித்துத் திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட்டால், மறுநாளே தாதி வந்துவிடுவார். போடாவிட்டால் வரமாட்டார். கேட்பதற்கு எளிதான வேலைதான். செய்துபார்த்தால்தானே தெரியும்!

அன்றைய முதல் வீடு தெம்பனிஸ் வட்டாரத்தில். முத்தாயி பாட்டி, உம்மா காட்டியதற்கெல்லாம் தலையை ஆட்டினார்.

"நல்லா இருக்கும்மா. எல்லாமே நல்லா இருக்கு."

"அப்போ கையெழுத்துப் போடலாமா பாட்டி?"

"மருமக வரட்டும்மா. கேட்டுட்டு சொல்றேன்."

போன வாரமும் இதேதான் சொன்னார். அப்போது மருமகள் அடுப்படியில்தான் இருந்தார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் உம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பேருந்து வந்தது, போனது. அதுதான் அவர்கள் ஏறவேண்டிய பேருந்து.

"உம்மா, நம்ம பஸ் போயிடுச்சு."

"போகட்டும்." உம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டு வாரம். ஒன்பது வீடு. ஒரு கையெழுத்துகூட வாங்கலை முனீரா. முன்னாடியெல்லாம் இப்படியா இருந்துச்சு? இன்னிக்கு தோ பாயோவுல பத்தாவதா சுப்பிரமணியம் ஐயாவும் போடலைன்னா, இந்த வேலை எனக்கு வேண்டாம்னு சொல்லிடப் போறேன். ஆபீஸ்லயே ஏதாவது டேபிள் வேலை குடுங்கன்னு கேட்கப் போறேன்."

முனீராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உம்மாவுக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி பிடிக்காது, எந்தப் பாட்டி பூனைக்குச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் உம்மாவுக்கு அத்துப்படி. அந்த உம்மா நாள் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதா? நினைக்கவே முனீராவுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்கார்ந்தார்கள். உம்மா பிரியாணியை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அப்போது தஞ்சோங் பகார் அலுவலகத்திலிருந்து மேலாளர் சேவியர் அழைத்தார். அவர் ஃபோனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. பக்கத்து மேசைக்கும் கேட்கும். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' வேறு.

"சல்மா, புது லேப்டாப் ஃபார்மை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. மத்த நாலு பேரும் பத்துக்குப் பத்து போட்டாச்சு. நாப்பது லேப்டாப் ஆர்டர் பண்ணணும் லா!"

"அனுப்பிடுறேன் சார். அஞ்சு மணிக்கு உங்ககிட்ட இன்னொண்ணும் பேசணும்."

என்ன பேசப் போகிறார் என்று முனீராவுக்குத் தெரியும். அவளும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

புது மடிக்கணினி என்பது இதுதான். நிறுவனம் விலை உயர்ந்த மடிக்கணினி ஐந்தை வாங்கி, ஐந்து பேருக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தது. மற்ற நால்வரும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். வீடு வீடாக அலைபவர் உம்மா மட்டும்தான். நன்றாக இருந்தால் எல்லாருக்கும் அதுவே. சிறப்புகள் என்ன, குறைகள் என்ன என்று எழுதி மதிப்பெண் போட வேண்டும். உம்மா கணினியைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருந்த முனீராவுக்குப் படித்துக் காட்டினார்.

"எடை?"

"என் கணக்குப் புத்தகத்தைவிடக் குறைவு. பத்து போடுங்க."

"பேட்டரி?"

"நேத்துக் காலையில சார்ஜ் பண்ணினது. இன்னும் பாதி இருக்குல்ல? பத்து!"

"உறுதி?"

"போன வாரம் அது மேல தே தாரிக் டீ கொட்டிச்சே. துடைச்சதும் சரியாயிடுச்சு. பத்து."

"கொட்டினது யாரு?"

"அதெல்லாம் ஃபார்ம்ல எழுத வேண்டாம் உம்மா."

உம்மாவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

குறைகளுக்கான கட்டத்தை நிரப்ப இருவரும் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். மூடியில் விரல் தடம் பதிகிறது. மடியில் நெடுநேரம் வைத்தால் சூடாகிறது. பழைய பென் டிரைவைச் செருக இடமில்லை. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"பழைய லேப்டாப் குக்கர் மாதிரி சத்தம் போடும்," என்றார் உம்மா. "ஆனா அது இருந்தப்ப வாரத்துக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாங்க. இதுல குறையே இல்ல முனீரா. குறை என்கிட்டதான் இருக்கு. எனக்குப் பேசத் தெரியலை போல."

உம்மாவுக்குப் பேசத் தெரியவில்லையாமே! முனீராவுக்குக் கோபமே வந்துவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தோ பாயோவில் மூன்றாவது மாடியில் சுப்பிரமணியம் தாத்தாவின் வீடு. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தாதி வந்து பயிற்சி கொடுத்தால்தான் நடக்க முடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உம்மா இதோடு மூன்றாவது முறையாக வருகிறார்.

தாத்தா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் லேட்டு."

"பஸ் லேட்டு ஐயா," என்றார் உம்மா.

"பஸ் லேட் ஆகாது. பஸ் ஓட்டுறவன்தான் லேட் ஆவான். வாங்க, வாங்க, உட்காருங்க."

உம்மா எப்போதும்போல் தாத்தாவின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். எதிரே உட்காரவே மாட்டார். எதிரே உட்கார்ந்தால் அதிகாரி வந்து விசாரிப்பது போல் இருக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்தால் வீட்டுப் பெண் போல் இருக்குமாம்.

முனீரா வழக்கமாக எட்டப் போய் ஒரு நாற்காலியில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். அன்று எல்லா நாற்காலியிலும் துவைத்த துணி குவிந்திருந்தது.

"ஏன் நிக்கிறே பாப்பா? இப்படி வந்து உட்காரு," என்று தாத்தா தம் மறுபக்கத்தில் இடம் காட்டினார்.

உம்மா விளக்கத் தொடங்கினார். "இங்க பாருங்க ஐயா, இதுதான் தாதியோட படம். இது எந்தெந்த நாள்னு அட்டவணை. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. முப்பது வருஷம் பஸ் ஓட்டின கண்ணாச்சே."

முனீராவும் பார்த்தாள். படமும் இல்லை, அட்டவணையும் இல்லை. திரை கன்னங்கரேல் என்று இருந்தது.

உம்மா கணினியைப் போட மறந்துவிட்டாரா? இல்லையே, விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாரே! முனீரா எக்கி, உம்மாவின் பக்கமாகத் தலையை நீட்டினாள். அடேயப்பா, தாதி சிரித்துக்கொண்டிருந்தார்! தலையைப் பின்னால் இழுத்தாள். மறுபடியும் கறுப்பு. வீட்டில் உம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் பளிச்சென்று தெரிந்ததே.

அவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மாவின் விரல் திரையில் மேலிருந்து கீழே இறங்கியது. தாத்தாவின் கண் அதோடு இறங்கவில்லை. ஒரே இடத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஊன்றி நடக்கும் சட்டத்தை அவருடைய கை இறுக்கிப் பிடித்திருந்தது.

'உம்மா, தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியலை!' என்று சொல்ல வாயெடுத்தாள் முனீரா. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் தெரியுது, தெரியுது என்றவரைப் பொய் சொன்னதாகக் காட்டிக்கொடுப்பதா? அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

"நல்லா இருக்கும்மா," என்றார் தாத்தா. "பையன் வரட்டும். பேசிட்டு சொல்றேனே."

உம்மா பெருமூச்சு விட்டு, மடிக்கணினியை மூடக் கை வைத்தார்.

"உம்மா, மூடாதீங்க!" என்றாள் முனீரா. "எனக்கு ஒண்ணுமே தெரியலை. கறுப்பா இருக்கு. என் கண்ணுக்கு என்ன ஆச்சு?"

தாத்தா விருட்டென்று திரும்பினார். "உனக்குமா?"

"ஆமா தாத்தா. அணைச்ச டிவி மாதிரி இருக்கு."

தாத்தா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் கறுப்பாத்தான் இருந்துச்சு பாப்பா. உங்கம்மா வந்த மூணு தடவையும் கறுப்பு. டிவி தெரியுது, கீழ போற காரோட நம்பர் தெரியுது, இது மட்டும் தெரியலையே, இது என்ன புது மாதிரிக் கண் நோயோன்னு பயந்துட்டேன். கால் போச்சு, இப்போ கண்ணும் போச்சான்னு... பையன்கிட்டகூடச் சொல்லலை."

உம்மா திகைத்துப்போனார். "தெரியுதான்னு கேட்டேனே ஐயா!"

"இவ்வளவு மரியாதையா பக்கத்துல உட்கார்ந்து சொல்ற பொண்ணுகிட்டத் தெரியலைன்னு எப்படிம்மா சொல்றது? பார்க்காம கையெழுத்துப் போடவும் பயம்."

"உம்மா, லேப்டாப்பைத் தாத்தா மடியில வைங்க," என்றாள் முனீரா.

உம்மா வைத்தார். இப்போது உம்மாவின் கண்ணுக்குத் திரை இருண்டுபோனது. "யா அல்லாஹ்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

தாத்தாவோ பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை அறிவிப்பவர் போல் உரக்கப் படித்தார். "திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணி. தாதி பெயர் சரஸ்வதி. நோயாளியின் வயது எழுபத்தேழு... எழுபத்தேழா? யாரு சொன்னா? எழுபத்தஞ்சும்மா எனக்கு! மாத்து முதல்ல!"

உம்மா மாற்றினார். தாத்தா விரலால் நீளமாகக் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

"அப்போ முத்தாயி பாட்டியும்..." என்று உம்மா முணுமுணுத்தார். "அந்த ஒன்பது வீடும்..."

அங்கிருந்தே சேவியரை அழைத்தார். நடந்ததைக் கேட்டதும் ஃபோனில் சேவியரின் குரல் உற்சாகமாகப் பாய்ந்து வந்தது.

"அது பாதுகாப்பு லா சல்மா! நேரா பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் திரை தெரியும். எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல உட்கார்ந்தவங்க நோயாளி விவரத்தைப் பார்த்துடக்கூடாதுல்ல? ஐடி பிரிவுல ஆன் பண்ணிப் பூட்டியே வெச்சிருக்காங்க. இந்த லேப்டாப்போட பெரிய சிறப்பே அதுதான்!"

"நான் பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்குத்தானே சார் காட்டணும்?"

சேவியரின் குரல் சட்டென்று தணிந்தது. அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி முனீரா கேட்டதே இல்லை.

"ஆபீஸ்ல யாரும் யார் பக்கத்துலயும் உட்காரலையே," என்றார். "பூட்டை எடுக்கச் சொல்றேன். வேணும்னா போட்டுக்கலாம், வேண்டாம்னா நிறுத்திக்கலாம். நாப்பதும் அப்படியே வரட்டும். நல்ல வேளை, சொன்னீங்க!"

உம்மா படிவத்தைத் திறந்தார். "முனீரா, திரைக்கு எத்தனை போடலாம்?"

முனீரா யோசித்தாள். அது நல்ல திரையா, கெட்ட திரையா? சேவியர் சொன்னதும் பொய்யில்லை. தாத்தா பயந்ததும் பொய்யில்லை.

"எம்ஆர்டியில பத்து," என்றாள். "சோபாவுல முட்டை."

"அப்படியே எழுதும்மா," என்று தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். உம்மா அப்படியே எழுதி அனுப்பினார்.

விடைபெற்று வெளியே வந்ததும் ஃபோன் மறுபடியும் அடித்தது.

"சல்மா, வேற ஏதோ பேசணும்னீங்களே, என்ன அது?"

முனீரா மூச்சைப் பிடித்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார். நாளைக்கு ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போகணும். காலையிலேயே கிளம்பிடுவேன், ஆபீஸ் பக்கம் தேடாதீங்க."

ஒன்பது வீடா! முனீராவுக்குக் கேட்கும்போதே கண்ணைக் கட்டியது. பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்ட் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உம்மா, லிஃப்ட் வந்துடுச்சு!"

உம்மா அதற்குள் படியில் இரண்டாவது மாடிவரை இறங்கிப் போயிருந்தார்.