பத்து மீட்டருக்குள்

இயர்பட்ஸ் டப்பாவின் மூடியைத் திறந்ததும் சின்னதாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. எரிந்திருக்கக் கூடாது. ஏழு மாதமாக அது மேசை இழுப்பறையில், பழைய மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், யாரும் தொடாமல் கிடந்தது. அத்தனை நாள் சார்ஜ் போடாத எதுவும் இப்படித் தொட்டவுடன் கண் விழிக்காது. அவன் அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, நல்லது, நேரம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டான். இந்த ஏழு மாதமாக எதையும் அதற்கு மேல் யோசிப்பதை அவன் விட்டிருந்தான்.

மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்கு லேப்டாப்பில் அத்தை வருவார், இறந்துபோன மனைவியின் அம்மா. குழந்தை இனி யாரிடம் வளர்வது என்று இன்று பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. அத்தைக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்துக்கே கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவர்; வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நாலேகாலுக்குப் பள்ளி வேனில் வந்து இறங்கும் ஐந்து வயதுக்காரி அதே கூடத்தில்தான் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னை வைத்துப் பெரியவர்கள் பேரம் பேசுவது அவள் காதில் விழக்கூடாது. அவனுடைய பழைய ஹெட்ஃபோன் போன வாரம் ஒயர் அறுந்து செத்துவிட்டது. மனைவியின் இயர்பட்ஸ்தான் மிச்சம்.

குழந்தையைக் கொடுக்கப் போவதில்லை. அதில் மட்டும் அவனுக்குத் தெளிவு இருந்தது. மரத்துப்போன உடம்பில் கிள்ளினால் வலிக்கிற ஓர் இடம் மிச்சம் இருக்குமே, அப்படித்தான் அவள் இருந்தாள்.

லேப்டாப்பில் ப்ளூடூத்தைப் போட்டான். இயர்பட்ஸின் பெயர் வந்தது. சொடுக்கினான். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. *இந்தச் சாதனம் வேறொரு சாதனத்துடன் இணைப்பில் உள்ளது.* மறுபடி சொடுக்கினான். மறுபடியும் அதே வரி. தன் ஃபோனில் ப்ளூடூத்தை அணைத்தான். குழந்தை கார்ட்டூன் பார்க்கும் டேப்லெட்டை அணைத்தான். டிவியின் பிளக்கையே பிடுங்கினான். கூடத்து மின்விசிறி மட்டும் தலைக்கு மேல் முனகிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினான்.

அதே வரி.

மச்சானைக் கூப்பிட்டான். மனைவியின் அண்ணன், செல்ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"என்ன மாப்பிள்ளை, அதிசயமா ஃபோனு? அம்மா அஞ்சு மணிக்குத்தானே மேடை ஏறுது?"

"இயர்பட்ஸ் லேப்டாப்போட சேர மாட்டேங்குது மச்சான்."

"யாரோடது?"

அவன் டப்பாவின் மூடியை விரலால் தடவினான். மறுமுனையில் கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சரி," என்றார் மச்சான், குரலை இறக்கி. "ரெண்டையும் டப்பால போட்டு மூடுங்க. பத்து எண்ணித் திறங்க. வாய்விட்டு எண்ண வேணாம், நீங்க என்ன ஒண்ணாங்கிளாஸா."

எண்ணினான். திறந்தான். "அதேதான் வருது."

"அப்ப வேற எதோடயோ ஒட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துலதான் இருக்கணும். பத்து மீட்டர், அதுக்கு மேல இழுக்காது."

"வீட்ல எல்லாத்தையும் அணைச்சுட்டேன். அவ ஃபோன்?"

"அது என் கடைப் பெட்டில தூங்குது. பேட்டரியைக்கூட கழட்டி வெச்சுட்டேன்."

"அப்ப எதோட ஒட்டியிருக்கு?"

"ஏதாவது பேய் பாட்டு கேக்குதோ என்னவோ." சிரித்துவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. வாய் எனக்கு. ஒண்ணைக் காதுல மாட்டிப் பாருங்க. பாட்டா, டிவியா, எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுடும்."

"சரி."

"அப்பறம், அறைச் சத்தமும் சேந்து கேக்கும், பயந்துடாதீங்க. காதை அடைச்சாலும் வெளிச்சத்தம் உள்ள வர்ற மாதிரி ஒரு வசதி அதுல இருக்கு. நான்தான் போட்டுக் குடுத்தேன். 'பாப்பா கூப்பிட்டா கேக்கணும்ணா'ன்னு சொன்னா. அதை அவ அணைச்சதே இல்ல."

அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தான்.

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான். ஊசி விழுந்தாக்கூட கேக்கும் அதுல. ஏன்?"

"ஒண்ணுமில்ல மச்சான். வெச்சுடறேன்."

ஏழு மாதத்துக்கு முன் இப்படித்தான் ஒரு பகல். தலை வலிக்கிறது என்று அவள் படுக்கையறையில் போய்ப் படுத்தாள். காதில் இது இருந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்து யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருந்தான். கட்டட வரைபடம் போடுவது அவன் தொழில். ஒருமுறை கூப்பிட்டான், டீ போடட்டுமா என்று கேட்க. பதில் இல்லை. இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. மூன்றாம் முறை, "செவிட்டு மிஷின்! இடி விழுந்தாலும் கேக்காது உனக்கு" என்று கத்திவிட்டு, தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுந்து போனான்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் மருத்துவர். கையும் காலும் நாக்கும் முதலில் போயிருக்கும். நினைவு கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியும் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்காது, காதைத்தான் அடைத்திருந்தாளே என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஒற்றைக் கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் இதுநாள்வரை நின்றிருந்தான்.

வலது இயர்பட்டை எடுத்துக் காதில் வைத்தான்.

பாட்டு இல்லை. டிவி இல்லை. ஓர் அறையின் சத்தம் இருந்தது. கதவு சாத்திய, ஜன்னலில் வெயில் படிந்த அறைக்கென்று ஒரு மௌனம் உண்டு; எங்கோ ஒரு சுவர்க்கடிகாரம், எங்கோ ஒரு குழாயில் சொட்டு, திரைச்சீலை சுவரில் உரசி ஓயும் ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில் பஞ்சு போல அடர்ந்த ஒன்றுமின்மை. அவன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தினான். மேசையில் அது உரசியது. காதுக்குள்ளும் உரசியது. ஆனால் மெலிதாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நகர்த்தியதுபோல.

மச்சான் சொன்ன வசதி இதுவல்ல. அதுவாக இருந்தால் டம்ளர் காதருகே கேட்க வேண்டும்.

"ஹலோ," என்றான்.

ஹலோ என்றது அவன் குரல். தூரத்திலிருந்து. வேறோர் அறையில் படுத்திருப்பவர் கூடத்துக் குரலைக் கேட்பதுபோல.

எழுந்தான். சமையலறைக்குப் போய் "ஹலோ" என்றான். குரல் இன்னும் தேய்ந்தது. கூடத்துக்குத் திரும்பினான், கூடியது. நடைவழியில் நின்று சொன்னான்; இன்னும் கூடியது. இந்த வீட்டின் அளவு அவனுக்கு மனப்பாடம். கூடத்திலிருந்து படுக்கையறைக் கட்டில்வரை ஆறரை மீட்டர்.

படுக்கையறைக் கதவைத் தள்ளினான். கீல் முனகியது. காதுக்குள் அந்த முனகல் பெரிதாக, எதிரில் இருந்து வந்தது.

கட்டில் காலி. அவள் படுக்கும் பக்கம் சுருக்கம் இல்லாமல் விரித்தபடி இருந்தது. அங்கே அவன் படுப்பதில்லை. ஒவ்வோர் அடியாக வைத்தான். ஒவ்வோர் அடியும் காதில் கனத்துக்கொண்டே வந்தது. தலையணைக்கு அருகே குனிந்தான். மெதுவாக, உதடு மட்டும் அசைய, "கேட்டுச்சா?" என்றான்.

காதோடு காதாகக் கேட்டது அது. ரகசியம் சொல்வதுபோல. அவன் குரல், அவன் எச்சில் விழுங்கும் சத்தம், அவன் மூச்சு. அவனுடையது மட்டும். அங்கே கேட்டுக்கொண்டிருக்கும் அதற்கு மூச்சு இல்லை.

போர்வை சரசரத்தது.

அவன் கண்ணுக்கு முன்னால் இருந்த போர்வை அசையவில்லை. காதுக்குள் மட்டும் அது விலகியது, நிதானமாக, நெடுநேரம் படுத்திருந்தவர் எழுந்து உட்காரும்போது விலகுவதுபோல. அவன் மூச்சு காதுக்குள் எதிரே இருந்தது. பிறகு பக்கவாட்டில். பிறகு முதுகுப் பக்கம்.

கடந்து போய்விட்டது.

அவனால் திரும்ப முடியவில்லை. கீல் முனகியது, காதில் மட்டும். கூடத்துக் கடிகாரம் நெருங்கி வந்து விலகியது. வாசல் தாழ்ப்பாள். அப்புறம் மாடிப்படியின் வெற்றுக் குழாய் போன்ற எதிரொலி. கீழ்வீட்டுக் குக்கரின் விசில். இன்னும் கீழே தெருவின் இரைச்சல். காலடி மட்டும் இல்லை. அவன் வீடு மூன்றாம் மாடி. பத்து மீட்டர் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

இயர்பட்டைப் பிடுங்கி எறியக் கை போனது. நின்றது. எறிந்துவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

காதுக்குள் ஒரு ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. வேன் ஓட்டுநரின் வழக்கம்.

மணி நாலேகால்.

ஓடினான். கதவைத் திறந்து போட்டுவிட்டு, செருப்பில்லாமல், இரண்டிரண்டு படியாக. இரண்டாம் மாடி. வேன் கதவு இழுபடும் ஓசை. பிள்ளைகளின் கூச்சல். முதல் மாடி. கூச்சலைப் பிளந்துகொண்டு, மிக அருகில், அவன் மகளின் குரல்.

"நீயா வந்த? அப்பா எங்க?"

படியில் கால் வழுக்கியது. கைப்பிடியைப் பற்றினான்.

"ம்... சரி."

யார் என்ன சொன்னார்கள்? எதுவும் கேட்கவில்லையே. மகள் மட்டும், கேட்டுக்கொள்கிறவளாக, "ம்," என்றாள். "ம்." பிறகு, "வலிக்குமா?"

குடம் தண்ணீரில் முங்குவதுபோல ஒரு சத்தம். எல்லாம் அடைபட்டது. மறுபடி திறந்தது.

கேட்டருகே குழந்தை தனியாக நின்றிருந்தாள். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், ஒரு காலில் சாக்ஸ் இறங்கியிருந்தது. வேன் ஓட்டுநர் ஜன்னலில் கையை ஊன்றியபடி சிரித்தார்.

"என்ன சார், ரேஸா? செருப்புகூட இல்லாம. பாப்பா சமத்தா நிக்குது, நீங்கதான் லேட்டு."

"வேற யாராவது..." மூச்சு வாங்கியது. "இங்க யாராவது வந்தாங்களா?"

"இங்கயா? நானும் பாப்பாவும்தான்." வேன் கிளம்பியது.

அவன் குழந்தையின் முன் மண்டியிட்டான். கன்னம், கை, நெற்றி. வெயிலில் நின்ற பிள்ளைக்கு நெற்றி குளிர்ந்திருந்தது. "குட்டி," என்று கத்தினான். "குட்டி, இங்க பாரு!"

அவன் குரல் அவன் காதுக்குள் அறைந்தது. ஒரு முழத் தூரத்தில் நின்று தன்னைப் பார்த்துத் தானே கத்தியதுபோல.

குழந்தை அவனைப் பார்த்தாள். பொறுமையாக. ஐந்து வயதுக்கு இல்லாத பொறுமை.

"கத்தாதீங்கப்பா," என்றாள். "எல்லாம் கேக்குது."

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி மாடி ஏறினான் என்று அவனுக்குத் தெரியாது. ஏற ஏற, அவன் காலடி அவன் காதில், அவள் தலை இருந்த உயரத்திலிருந்து கேட்டது. கூடத்தில் உட்கார்ந்தான். அவள் இறங்கவில்லை, படம் வரையக் கேட்கவில்லை, பசிக்கிறது என்று சொல்லவில்லை. பேசிப் பார்த்தான். டீச்சர் என்ன சொன்னாங்க. மதியம் சாப்பிட்டியா. ஒவ்வொரு கேள்வியும் அவனுக்கே திரும்பி வந்தது. மடியில் அப்படியே சாய்ந்திருந்தாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது.

ஐந்து மணிக்கு லேப்டாப் அலறியது. திரையில் அத்தையின் முகம், அவர் தோளுக்குப் பின்னால் மச்சானின் பாதி முகம்.

"தம்பி, கேக்குதா? எனக்கு நீங்க பேசறது கேக்காது, நானே பேசிடறேன்." ஸ்பீக்கர் அதிர்ந்தது. காதுக்குள் அது இரண்டாம் முறை அதிர்ந்தது, மடியின் உயரத்திலிருந்து. "ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு. பிள்ளையைக் கேக்கணும்னுதான் நெனச்சேன். பெத்தவன்கிட்டேருந்து பிரிச்சா எனக்கு அது நல்லாயிருக்காதுப்பா. பாருங்க, எப்படி ஒட்டிக்கிட்டிருக்கா உங்களோட." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களே வெச்சுக்கோங்க. அவ உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அத்தை," என்றான். "அத்தை, நீங்க... இவளைக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே வாங்க."

"என்னப்பா சொல்றாரு?" என்று அத்தை மகனைக் கேட்டார்.

"நன்றி சொல்றாரும்மா," என்றார் மச்சான். "அழறாரு மனுஷன். விடு, அப்பறம் பேசிக்கலாம்."

திரை இருண்டது.

குழந்தையின் இரு கைகளும் அவன் கழுத்தைச் சுற்றி வந்தன. தலை மெதுவாக இறங்கி, காது அவன் மார்பில் படிந்தது. படிந்ததும் அவன் காதுக்குள் வேறெல்லாம் அடங்கிப்போய் ஒரு சத்தம் மட்டும் எழுந்தது. தொம். தொம். பெரிதாக, அறை நிறைய. அவன் இதயம்.

அவள் நெஞ்சும் அவன் வயிற்றோடு அழுந்தித்தான் இருந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே இன்னொரு துடிப்பைத் தேடினான். தேடிக்கொண்டே இருந்தான்.

கைகள் இறுகின.