முந்தின ரயிலில் வருகிறவர்

“அப்போ நான் பொய் சொல்றேன்கறே?”

“பொய்னு யார் சொன்னா? சாயங்காலமே வந்தீங்க. நேரா ரூமுக்குப் போய்ப் படுத்தீங்க. அப்புறம் எழுந்து எங்க போனீங்க? ராத்திரி எதுக்குப் புதுசா வர்ற மாதிரி வந்து பெல் அடிக்கறீங்க? அதைத்தான் கேக்கறேன்.”

“சாயங்காலம் நான் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸும் கையுமா நின்னுட்டிருந்தேன்டி! அந்தக் கட்டடமே மேல நின்னு எட்டிப் பார்த்துட்டிருந்தது. வேணும்னா போன் போட்டுத் தரேன், நீயே கேளு.”

“பக்கத்து வீட்டு அக்காவே பார்த்திருக்காங்க. ஒருநாள் கூத்தில்லை, தினமும்!”

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நான்தான். ஜன்னலைச் சாத்தலாமென்று எழுந்தவள், காற்று நன்றாக வருகிறதே என்று அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் சண்டையெல்லாம் ஞாயிறு காலையில்தான். மற்ற நாட்களில் எதிரே நின்று சண்டை போட ஆள் இருக்காது. விடியுமுன் பாதி ஊர் ரயிலேறி நகரத்துக்குப் போய்விடும். ஊரடங்கிய பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும். நகரத்தில் காற்றில்லை, மரமில்லை, பிள்ளைகள் ஓடியாட இடமில்லை என்று அலுத்துக்கொண்டு, இருந்ததையெல்லாம் விற்று இங்கே வீடு வாங்குகிறவர்கள், அந்தக் காற்றையும் மரத்தையும் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள். அதுவும் தூங்காமல் இருந்தால். வீட்டு விலை அப்படி. ரொட்டிக் கடைக்காரருக்கே இங்கே குடியிருக்கக் கட்டுப்படியாகாமல், எதிர்த்திசை ரயிலில் வந்து கடை திறக்கிறார்.

லிஃப்ட்காரர் குடும்பம் ஒரு தூறல் மத்தியானத்தில் வந்து இறங்கியது. நகரத்தில் அறையையே அடைத்துக்கொண்டிருந்ததாம் அவர்கள் சோபா. இந்தக் கூடத்தில் அது யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி மாதிரி ஓரத்தில் கிடந்தது. அவர் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்குவதற்காக, விடியற்காலையில் இவர் கிளம்பவேண்டும். அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேங்க் கார்டைத் தொலைத்தவர்கள், வட்டி புரியாதவர்கள், சும்மா யாரையாவது திட்ட ஆசைப்பட்டவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்வாள். ஒரே பெண் குழந்தை, முன்பல் விழுந்தது. வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

வந்த சில நாட்களிலேயே கவனித்துவிட்டேன். கவனிக்காமல் என்ன, என் சமையலறை ஜன்னல் அவர்கள் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெளிச்சம் மங்கி, தெருவிளக்கு இன்னும் எரியாத அந்த இடைவேளையில் கேட் திறக்கும். ஒரு கறுப்புக் கோட்டு முதுகு, நிமிர மனமில்லாத மாதிரி, உள்ளே போகும். இந்த ஊரில் ஆண்களை முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். காலையில் இருட்டில் முதுகு, இரவில் இருட்டில் முதுகு. எங்கள் வீட்டு மனுஷர் முகத்தையே ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

துணி உலர்த்தும்போது ஒருநாள் மதில் மேலாகக் கேட்டேன்: “பரவாயில்லையே, உன் வீட்டுக்காரர் முந்தின ரயில்லயே வந்துடறார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.”

“வந்து என்னக்கா பிரயோஜனம்? ஒரு வார்த்தை பேசறதில்லை. நான் லைன்ல இருப்பேன், திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. முதுகுப் பக்கமா போறது தெரியும். போய்ப் படுத்துடுவார். நடுவுல ஒருதரம் ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துவிட்டுட்டு வந்து உக்காருவேன். சுவத்தைப் பார்த்துத் தூங்கிட்டிருப்பார்.” ஈரத் துணியை உதறாமலே நின்றாள். “ஆனா ராத்திரி எங்கிருந்தோ வந்து பெல் அடிக்கறார்க்கா. காலாற நடந்துட்டு வர்றார் போலன்னு இருந்துட்டேன்.”

“அவ்ளோ நேரமா நடப்பாங்க?”

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். நான் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன் விளைவுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. குரல்கள் ஏறிக்கொண்டே போய், ஏதோ ஒன்று உடைந்து, வாண்டு அழுவாள் என்று நான் எதிர்பார்த்த இடத்தில், அவள் சாதாரணமாகப் பேசுவது கேட்டது.

“அந்த அப்பா வேற, இந்த அப்பா வேறம்மா.”

சத்தம் அறுந்தது.

“அந்த அப்பா கத்தமாட்டாரு. தூங்கறதுக்கு மட்டும்தான் வருவாரு.”

நான் சர்க்கரைக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய் நின்றபோது, புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். அவர்தான் முதலில் கேட்டார்.

“தினமுமா? என் கட்டில்லயா?”

அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் மத்தியானமே லீவு போட்டுவிட்டு வந்தார். “அக்கா, நீங்களும் வாங்க. நீங்கதானே பார்த்தீங்க” என்றார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

கூடத்துச் சோபாவில் நானும் அவரும் உட்கார்ந்தோம். வாண்டு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மூலையில் மேஜைக்கு முன்னால் அவர் மனைவி, ஹெட்போனோடு. ஷிஃப்டை விட்டு எழுந்தால் வேலை போய்விடும் என்பதால் பேயே வந்தாலும் லைனில் இருந்தாக வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் முன்பு அங்கே இருந்தவரைப் பற்றிச் சொன்னேன். வீட்டுத் தரகர் மறைத்ததை நான் ஏன் மறைக்கவேண்டும்? அவரும் நகரத்திலிருந்து வந்தவர்தான். ஒண்டிக்கட்டை. இந்த வீட்டை ஆசை ஆசையாக வாங்கினார். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது ரயிலிலேயே தூங்கிப்போனார். ரயில் எங்கள் ஊரைத் தாண்டி, கடைசி ஸ்டேஷனையும் தாண்டி, ஷெட்டுக்குப் போய் நின்றுவிட்டது. பெட்டி கழுவ வந்தவர்கள், பாவம் அசந்து தூங்குகிறார் என்று அவரைச் சுற்றியே கழுவிக்கொண்டு போனார்களாம். கடைசியில் ஒருவர் தோளைத் தொட்டு எழுப்பிப் பார்த்தார்.

“ஆள் எப்படி இருப்பாரு?” என்று லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்.

இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அந்த மனிதரின் முகம் தெரியவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை.

வெளிச்சம் தரையிலிருந்து வடிந்து, சுவரில் ஏறி, கூரையோரத்தில் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் போனது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. தொலைவில் ஒரு ரயில் பாலத்தின் மேல் ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முதலில் வாசனை வந்தது.

சூடான இரும்பு. நனைந்து, உடம்பிலேயே காய்ந்த கோட்டு. நெரிசலில் ஒட்டிக்கொண்ட அடுத்தவர் வியர்வை. நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த ரயில் பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

கேட் திறந்தது.

காலடிகள் அவசரப்படவில்லை. ஒன்று வைத்து, நின்று, இன்னொன்று. படியில் ஒரு பெருமூச்சு. பூட்டியிருந்த கதவு, பூட்டே இல்லாதது போல வழிவிட்டது.

செருப்பு, பூட்ஸ் எல்லாம் கழற்றும் இடத்தில் ஒரு உருவம் குனிந்தது. நிதானமாக நிமிர்ந்தது. எங்களைத் தாண்டிப் போனது. என் முழங்கால் மேல் கோட்டின் விளிம்பு உரசியது.

ஈரமாக இருந்தது.

“தங்கள் பொறுமைக்கு நன்றி சார்” என்று மூலையில் அவள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் லைன்ல இருங்க சார்.”

உள்ளே கட்டில் முனகியது. பாரம் ஒன்று மெல்ல மெல்ல அதில் இறங்குகிற முனகல்.

லிஃப்ட்காரர் எழுந்தார். நான் பின்னால். மங்கலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு முதுகு தெரிந்தது. மூச்சு ஏறி இறங்கவில்லை.

“யார் நீங்க?” என்றார் அவர். அதட்டத்தான் நினைத்திருப்பார். “இது என் வீடு.”

அந்த முதுகு திரும்பவில்லை.

பிறகு, சுவரோடு பேசுவது போல:

“கொஞ்ச நேரம். எழுப்பாதீங்க.”

அவ்வளவு களைத்த குரலை நான் கேட்டதில்லை. பயத்துக்கு நடுவிலும் எனக்கே அங்கேயே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது. லிஃப்ட்காரர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து, அந்த முகத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பார்த்தவரின் முகத்தைப் பார்த்தேன், போதும்.

அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து அவள் போனாள். காதில் ஹெட்போன், அதன் வயர் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. காலடியில் கிடந்த போர்வையை எடுத்து, அந்தத் தோள் வரைக்கும் இழுத்து, ஓரத்தைச் செருகினாள்.

“ஏய்! என்ன பண்றே?”

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழவில்லை. “தெரியலைங்க. கை தானா போச்சு.”

வாசலில் வாண்டு நின்றிருந்தாள். தன் அப்பாவைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

“உஷ். அப்பா தூங்கறாரு.”

யாரோ விளக்கைப் போட்டார்கள். நானாகத்தான் இருக்கும். கட்டிலில் போர்வை மட்டும் ஓர் ஆளின் வடிவத்தில் குவிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல அமுங்கியது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு.

அதன் பிறகு லிஃப்ட்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். பூட்டை மாற்றினார். கட்டிலை வேறு அறைக்குத் தள்ளினார். முதலாளியின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் அவரும் முந்தின ரயிலிலேயே வந்தார். கூடத்தில் பொம்மையைப் பரப்பி வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் பூனைநடை நடந்து அவரைத் தாண்டிப் போய், உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருவாள். அவர் இரவில் சோபாவில் சுருண்டு படுத்தார். “அந்தக் கட்டில் ஆறவே மாட்டேங்குதுக்கா” என்றார் என்னிடம். கண்ணுக்குக் கீழே மைக்கூடு கவிழ்த்த மாதிரி கறுத்திருந்தது.

கடைசிச் சண்டையும் ஞாயிறு காலையில்தான் நடந்தது. இம்முறை கூச்சல் இல்லை. காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

“வித்துட்டுப் போயிடலாம். மறுபடி சிட்டிக்கே போயிடலாம். ஒரு ரூம் போதும்.”

“என்னால இன்னொரு தரம் பெட்டி கட்ட முடியாதுங்க. வாண்டுக்கு இன்னொரு ஸ்கூல் தேட முடியாது. எனக்குத் தெம்பில்லை.”

“அதோட ஒரே வீட்டுல இருந்துடுவியா?”

“அவரு என்ன கேக்கறாரு? வர்றாரு, படுக்கறாரு, போறாரு.” அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. “நீங்களும் அதைத்தானே பண்றீங்க?”

அன்றைக்கே அவர் ஒரு சூட்கேஸோடு கிளம்பினார். வாண்டு மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள், இறங்கி வரவில்லை. கேட்டருகில் அவர் நின்று பார்த்த பார்வையை, ஞாயிறு என்பதால், தெருவே பார்த்தது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். வக்கீல், கையெழுத்து, அழுகை, முடிவு. நகரத்தில் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன வீடு பிடித்தார். உதிரிப்பாக ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கலகலப்பான பொண்ணு, போனிலேயே தெரிகிறது. லேசாகத் தொப்பைகூடப் போட்டிருக்கிறதாம் அவருக்கு. இங்கே இவள் அதே மேஜையில், அதே ஹெட்போனோடு இருக்கிறாள். வாண்டு பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு டாக்டர் குடும்பம் விற்றுவிட்டுப் போனது. புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது, இருவருமே ரயில். இன்னும் முகம் பார்க்கவில்லை.

அவர் எப்போதாவது என்னைக் கூப்பிடுவார். மகளைப் பற்றி அவளிடம் கேட்கத் தயக்கம். போன வாரமும் கூப்பிட்டார், சாயங்காலமாக. பின்னால் அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சமையலறையில் நின்றபடியே பேசினேன்.

ஜன்னலுக்கு வெளியே அவர்கள் கேட் திறந்தது. வழக்கமாக வருகிறவர் வந்து, உள்ளே போனார். அதெல்லாம் இப்போது எனக்குப் பழகிவிட்டது, அடுப்பைக்கூட அணைப்பதில்லை.

“எப்படிக்கா இருக்கா என் பொண்ணு?” என்றவர், வாக்கியம் முடிவதற்குள் ஒரு நீளக் கொட்டாவி விட்டார். “சாரிக்கா. கொஞ்ச நாளாவே இந்த நேரமானா அப்படி ஒரு அசதி. உக்காந்தபடியே கண்ணு சொக்கிடுது. முழிச்சா, எங்கயோ போய் நிம்மதியா படுத்து எழுந்த மாதிரி இருக்கு.”

கேட் இன்னொரு முறை திறந்தது.

உள்ளே வந்தவர் படியேறும் முன், என் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். இந்தத் தடவை எனக்கு முகம் தெரிந்தது. சூட்கேஸோடு அந்தக் கேட்டருகில் நின்று பார்த்த அதே முகம்.

வீட்டுக் கதவு உள்ளிருந்து திறந்தது. வாண்டு ஓடி வந்து, இரண்டு கைகளாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் தம்பி” என்றேன். “பொண்ணு நல்லா இருக்கா.”