ஒரு விரல் வெளிச்சம்

சின்னவள் காரின் பின்சீட்டில் தொப்பென்று விழுந்ததும், எதிர்ச் சுவரில் படிந்திருந்த ஹெட்லைட் வெளிச்சம் ஒரு விரல் அளவு மேலே ஏறியது. பானெட்டுக்குள் ஒரு சின்ன மோட்டார் 'ர்ர்' என்று முனகியது. ஏறிய வெளிச்சம் அதே ஒரு விரல் கீழே இறங்கி, அவன் சுவரில் ஒட்டியிருந்த நீல டேப்பின் மேல் ஓரத்தில் வந்து நின்றது.

"பார்த்தியா மூட்டை? நீ பின்னாடி ஏறினா வண்டி மூக்கைத் தூக்குது. எதிர்ல வர்றவன் கண்ணுல அடிச்சிடப் போகுதேன்னு லைட்டே தன்னால தலை குனிஞ்சுக்குது. இறங்கினா இதே தலைகீழா நடக்கும்."

"நான் ஒரு விரல்தானாப்பா?"

"ஒரு விரல்தான்."

"அக்கா?"

பெரியவள் ஏறினாள். வெளிச்சம் இரண்டு விரல் ஏறி, முனகி, இறங்கியது. சின்னவளுக்கு மூஞ்சி தொங்கிப் போனது.

"தட்டுல போடறதை மிச்சம் வைக்காம தின்னு. நீயும் ரெண்டு விரல் ஆயிடுவே," என்றான்.

மேலே தெருவில் நல்ல வெயில். ஆனால் அந்தக் குடியிருப்பின் அடித்தளத்துக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. வண்டிகள் நிறுத்தும் அந்த நீண்ட கூடத்தில் ஈரச் சிமெண்டும் பழைய டயரும் கலந்த வாடை எப்போதும் குளிர்ந்து நிற்கும், எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், தூண்களுக்குப் பின்னால் இருட்டு கரைகட்டிக் கிடக்கும். ஹெட்லைட் வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டியோடு வந்த ஜெனான் பல்புகள் வயதாகி ஊதா பாய்ந்து மங்கியிருந்தன. புதிதாக வாங்கிய பல்புகளும், அவற்றுக்கு மின்சாரத்தை ஏற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டிகளும் வெள்ளை வெளேரென்று எரியக்கூடியவை. ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "கம்பெனி ஒயர்ல மட்டும் கை வைக்காதப்பா. வெட்டினேன்னு வை, ஆயுசு பூரா என் ஒர்க்‌ஷாப் வாசல்லதான் பாய் போட்டுப் படுப்பே."

அவன் கை வைக்கவில்லை. பழைய பல்புகள் எரிகிறபோதே அந்த வெளிச்சத்தின் விளிம்பைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டான். பேட்டரியைக் கழற்றினான். விரல் பிசுக்கு பட்டால் கண்ணாடி தெறிக்கும் என்று நூல் கையுறை போட்டுக்கொண்டான். பழைய பிளக்குக்குள்ளேயே புதிய பிளக்கைச் சொருகி, ஒயர் எதுவும் தகரத்தில் உரசாதபடி கட்டினான். ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை, சீவவில்லை. முதல் தடவை எரியவிட்டபோது வெளிச்சம் டேப்பின் மேல் ஓரத்தில் கத்தியால் கீறியதுபோல வந்து உட்கார்ந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு இருந்தது, உள்ளேயிருந்து திறக்காது. இறங்க வேண்டுமென்றால் சின்னவள் கதவை உதைப்பாள். பெரியவள் விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, திறக்கும்வரை மரியாதையாக உட்கார்ந்திருப்பாள்.

சின்னவள் உதைத்தாள். அவன் திறந்துவிட்டான். அவள் நேரே வந்து ஹெட்லைட்டின் எதிரில் நின்று, முழங்கையை மடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, கண்ணு கூசுது."

"கூசட்டும்டி! அதுக்குத்தானே காலையிலேர்ந்து முதுகு ஒடியறேன்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. முழங்கையை எடுக்காமலே, சுவரைத் தடவிக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் காலை அவளால் கழுத்தை மடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜன்னல் திரையைப் பாதி விலக்கினார். கட்டிலில் கிடந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு முன்னாடியே ஏதாவது சொன்னாளா?"

மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"சொன்னா," என்றாள். "இவர் சிரிச்சார்."

மூளைக் காய்ச்சல் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சின்னவள் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் மனைவி அதிகம் பேசவில்லை. அறைக்குள் வந்து அவன் விளக்கைப் போட்டால் மட்டும், "கூசும்," என்பாள். அவன் அணைத்துவிடுவான். மாதக்கணக்கில் இருட்டில் சாப்பிட்டார்கள், இருட்டில் படுத்தார்கள். பெரியவள் பள்ளிக்கூடப் பாடத்தைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மனசுக்குள் ஒன்றே ஒன்று ஓடும்: இவளையாவது விட்டுவிடக் கூடாது.

விடாத மழை பிடித்த ஒரு காலையில், பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட, நெடுநாளாகக் கிடந்த வண்டியைக் கிளப்பினான். தூசி காய்ந்து எரியும் வாடை. சுவரில் டேப் அப்படியே இருந்தது, வெளிச்சமும் அதன் ஓரத்திலேயே விழுந்தது. பின்கதவைத் திறந்து பெரியவளை ஏற்றினான். இரண்டு விரல் மேலே, முனகல், இரண்டு விரல் கீழே. கதவைச் சாத்தினான். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க முன்பக்கம் நடந்தான்.

அவன் எதையும் தொடவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் மோட்டார் முனகியது.

சுவரில் வெளிச்சம் மேலே ஏறியிருந்தது. ஒரு விரல். மெல்ல இறங்கி டேப்பில் நின்றது.

உள்ளேயிருந்து பெரியவளின் குரல், யாருக்கோ கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல, "அப்பா, நெருக்குது," என்றது.

அன்றே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். அண்ணன் வண்டியடியில் படுத்து, பின் அச்சில் வண்டியின் பாரத்தை அளக்கும் சென்சாரைத் துடைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சென்சார் கல்லு மாதிரி இருக்குப்பா. பொய் சொல்லாது. உன் வேலையும் தங்கம். ஏன், ராத்திரி பேய் கீய் லிஃப்ட் கேட்டுச்சா?"

அவன் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மனசு கெட்டுக் கிடக்கும். இந்த பிளக்கைப் பிடுங்கிட்டாப் போதும், லைட் அசையாது. வீட்டுக்குப் போய் நீயே செஞ்சுக்கோ, ஒரு நிமிஷ வேலை."

அவன் ஸ்பேனரோடு இறங்கி வந்தபோது மனைவி அடித்தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் சொல்லியிருக்க வேண்டும். மனைவியின் கையில் வண்டிச் சாவி இருந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில், ரொம்ப நாளைக்குப் பிறகு, ஈரம் மாதிரி ஏதோ ஒன்று.

"அதுல கை வைக்காதீங்க," என்றாள். "கம்பெனி ஒயர்ல கை வைக்கக் கூடாது. அண்ணன் சொன்னார்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் பெரியவளைக் கீழே கூட்டிப்போனாள். லைட்டைப் போட்டுவிட்டு, அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவாள். சுவரைப் பார்ப்பாள். இரண்டு விரல். காத்திருப்பு. பிறகு ஒரு விரல். அந்த ஒரு விரலைப் பார்த்ததும் கண்ணாடியருகில் குனிந்து பேச ஆரம்பிப்பாள், பெரியவள் உட்காராத பக்கத்தைப் பார்த்து. "குளிருதாடி? பசிக்குதா?" பெரியவள் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு தட்டு தட்டுவாள். மனைவி திறக்க மாட்டாள். "கொஞ்சம் இரேன். நீ வந்தாத்தானே அவ வர்றா? உனக்கென்ன, உனக்கு உசுரு இருக்கில்ல," என்பாள்.

பெரியவளின் இடது கை மணிக்கட்டில் ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்த அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது.

"அவ பிடிச்சுக்கறாப்பா. விட மாட்டேங்கறா. என் சட்டையைக் கேக்கறா."

"சட்டையையா?"

"இல்ல," என்று பெரியவள் யோசித்தாள். "என்னைப் போட்டுக்கணுமாம்."

வண்டியை விற்றுவிடுவது என்று அந்த நொடியே முடிவு செய்தான். ஆள் பார்த்தான். நாளைக் காலை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். மனைவியிடமும் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. "நாளைக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவன் குளித்துவிட்டு வந்தபோது வீடு காலியாக இருந்தது. சாவி ஆணியில் இல்லை.

படிகளில் ஓடினான். கடைசிப் படியில் கால் மடங்கியது. ஈரச் சிமெண்ட் வாடை. குழாய்ச் சொட்டு. அதற்கு மேல் அந்த வெள்ளை வெளிச்சம்.

வண்டி எரிந்துகொண்டு நின்றது. மனைவி பின்கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள்.

"ஒருத்திதான் இறங்கலாம்," என்று கண்ணாடியிடம் சொன்னாள். பாலுக்குக் கணக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாக. "வா, என் மூட்டை."

"திறக்காதே!"

திறந்தாள்.

பெரியவள் இறங்கினாள். பெரியவளின் சட்டை. பெரியவளின் இரட்டைப் பின்னல். மணிக்கட்டில் அந்த நீலம். அவனுக்கு மூச்சு வந்தது. அப்பாடா.

பழக்கம். கண் சுவருக்குப் போனது.

வெளிச்சம் இறங்கியது.

ஒரு விரல்.

ஒரே ஒரு விரல். மோட்டார் முனகி, அந்த ஒரு விரலை மேலே தூக்கி, டேப்பில் நிறுத்தியது. அவன் காத்திருந்தான். இன்னும் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

அவள் நடந்து வந்து ஹெட்லைட்டின் எதிரில் நின்றாள். முழங்கையை மடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, கண்ணு கூசுது."

மனைவி சிரித்தாள். அவன் அன்று சிரித்த அதே சிரிப்பு, வாய்விட்டு. கதவை அறைந்து சாத்தினாள். சாவியை அழுத்தினாள். நான்கு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன.

உள்ளேயிருந்து, கண்ணாடியில், இரண்டு தட்டு.

மனைவி இறங்கியவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவனைக் கடந்து போனாள். போகிற போக்கில் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப வேணும்னா வித்துக்கங்க."

அவன் விற்கவில்லை.

மேலே பெரியவளின் அறையில் பகலிலும் திரை இழுத்தே கிடக்கிறது. அவளுக்கு மனைவி ஊட்டிவிடுகிறாள். தட்டில் எப்போதும் மிச்சம் இருக்கிறது. வெளியே வர வேண்டுமென்றால் அவள் கதவை உதைக்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும், ஒன்றாவது மிஞ்சியதே என்கிறார்கள். அவன் ஆமாம் என்கிறான்.

சாயங்காலங்களில் கீழே போகிறான். லைட்டைப் போட்டுவிட்டுப் பின்கதவை அகலத் திறக்கிறான். சீட்டில் யாரும் இல்லை. கையை வைத்துப் பார்த்தால் பெரியவள் உட்காரும் அந்த ஓரம் மட்டும் லேசாக அமுங்கியிருக்கிறது.

"இறங்கும்மா. அப்பா திறந்துட்டேன். இறங்கு."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கிறான். இரண்டு விரல் இறங்க வேண்டும்.

வெளிச்சம் நீல டேப்பின் மேல் ஓரத்தில் நிற்கிறது.