நாலு மணி வரை மணி அடிக்காதீர்கள்

மதியம் இரண்டரை மணிக்குள் வாசல் மணி மூன்றாவது முறையாக அடித்தது.

எர்சீலியாவின் அம்மா மார்ச்செல்லா கட்டிலைவிட்டு எழுந்தாள். ஒரு காலில் தன் செருப்பு. இன்னொரு காலில் எர்சீலியாவின் பள்ளிக்கூட ஷூ, பாதி நுழைந்த நிலையில். அதுகூடத் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் வேலை. ஊரே தூங்கும்போது போய் மாவு பிசைய வேண்டும். மதியம் வந்து படுத்தால், அதுதான் அவளுக்கு ராத்திரி. ஆனால் மொந்தெலாரா ஊரின் சின்னத் தேவாலயத்துச் சாவி அவர்கள் வீட்டில் இருந்தது. உள்ளே சுவரில் அறுநூறு வருடத்து ஓவியம் ஒன்று. கதவில் ஒரு பலகை: 'சாவிக்கு, பக்கத்துச் சந்தில் மார்ச்செல்லா வீட்டு மணியை அடிக்கவும்.'

கோடை வந்துவிட்டால் ஊர் சுற்ற வருகிறவர்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிய அம்மா, "திங்கட்கிழமை இதை நகராட்சியில கொடுத்துடப் போறேன். இனிமே என்னால முடியாது, எர்சி" என்றாள்.

"அப்போ கோயிலை யாரு திறப்பா?"

"யாரும் திறக்க மாட்டாங்க. திருவிழாவுக்கு மட்டும் திறப்பாங்க."

"நான் திறக்கிறேனே!"

"போன வாரம் சைக்கிள் சாவியைத் தொலைச்சது யாரு?"

அது போன வாரம் இல்லை, அதற்கு முந்தின வாரம். ஆனாலும் தொலைத்தது எர்சீலியாதான்.

மறுநாள் அம்மா படுத்ததும், எர்சீலியா சாவியை எடுத்து, ஷூ கயிற்றில் கோத்து, இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கனமான இரும்புச் சாவி. நடக்கும்போதெல்லாம் முழங்காலில் இடித்தது. பிறகு ஒரு தாளில் எழுதி, வாசல் மணிக்கு மேலே ஒட்டினாள்.

'அம்மா தூங்குகிறாள். நாலு மணி வரை மணி அடிக்காதீர்கள். சாவி என்னிடம் இருக்கிறது. கோயில் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.'

கோயிலுக்கு எதிரே அமெரிகோவின் காப்பிக் கடை. "வெயில்ல என்னடி பண்றே?" என்றார் அவர்.

"காவல், மாமா. யாராவது தகராறு பண்ணினா நீங்க வாங்க."

"வர்றேன். ஆனா மெதுவாத்தான் வருவேன்" என்று கொட்டாவி விட்டார் அமெரிகோ.

சற்று நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது. கைப்பேசியைப் பார்த்தபடி ஒருவர் இறங்கினார். பின்னால் அவர் மனைவியும் ஏழு வயதுப் பையனும் காலை இழுத்து இழுத்து வந்தார்கள்.

"சீக்கிரம், சீக்கிரம்! இங்கே பத்து நிமிஷம்தான். அடுத்தது அஸ்கோலி."

"இன்னொரு கோயிலாப்பா? காலையிலேர்ந்து இது நாலாவது" என்றான் பையன்.

"இது வேற மாதிரி, தொம்மாசோ."

"எல்லாக் கோயில் படத்துலயும் அதே குழந்தைதான் இருக்கு!"

பலகையைப் படித்தவர் விறுவிறுவென்று சந்துக்குள் நடந்தார். எர்சீலியா எழுவதற்குள் வாசலுக்கே போய்விட்டார். தாளைப் பார்த்தார். ஏதோ பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தார் போலிருக்கிறது, விரலை மணியில் வைத்துவிட்டார்.

"சார், வேண்டாம்!" எர்சீலியா ரகசியக் குரலிலேயே கத்தினாள். "இதோ சாவி!"

"பெரியவங்க யாரும் இல்லையா?"

"அம்மா இருக்காங்க. தூங்கறாங்க."

"பட்டப்பகல்லயா?"

"நீங்க காலையில ரொட்டி சாப்பிட்டீங்களா, சார்?"

"சாப்பிட்டேன். அதுக்கென்ன?"

"அதைச் சுடறவங்க வேற எப்போ தூங்குவாங்க?"

அவர் விரலை எடுத்துவிட்டார்.

தேவாலயத்துக்குள் குளுமையாக இருந்தது. சுவர் ஓவியத்தில் மரியாள், குழந்தை, மாடு, கழுதை. ஒரு மூலையில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு மரியாளின் கணவர் சூசையப்பர். கண்கள் பாதி மூடியிருந்தன.

"இவருக்கு என்ன ஆச்சு?" தொம்மாசோ கிட்டப் போய்ப் பார்த்தான்.

"ரொம்ப தூரம் நடந்து வந்தாரு இல்ல? களைச்சுப் போயிட்டாரு."

"எங்க அம்மா மாதிரியே!"

திரும்பிப் பார்த்தார்கள். அவன் அம்மா பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் ஆச்சே!" அப்பா அவளை எழுப்பக் கையை நீட்டினார்.

"எழுப்பாதீங்க, சார்" என்றாள் எர்சீலியா.

"ஆறு நாள்ல ஒன்பது ஊர் பார்க்கணும், பாப்பா. அஸ்கோலியில பொரிச்ச ஆலிவ் வேற சாப்பிடணும்."

"அஸ்கோலி ஓடியா போயிடும்? நாளைக்கும் அங்கேதான் இருக்கும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காலில் செருப்பு கடித்த இடத்தில் இரண்டு பிளாஸ்திரிகள். மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓவியத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பையில் போட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் சாய்ந்துவிட்டது.

எர்சீலியாவும் தொம்மாசோவும் சத்தமில்லாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். அமெரிகோ ஆளுக்கொரு தர்பூசணித் துண்டு கொடுத்தார்.

நாலேகாலுக்கு அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

"மணியே அடிக்கலையே, என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்! சாவி எங்கே?"

எர்சீலியா இடுப்பைக் காட்டினாள். பிறகு உள்ளே கை காட்டினாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "படம் பார்க்க வந்தாங்களா, தூங்க வந்தாங்களா?"

"நாங்க நாலு நாளா சரியாத் தூங்கவே இல்ல" என்றான் தொம்மாசோ.

அம்மா படியில் உட்கார்ந்து கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். எர்சீலியாவின் முழங்காலில், சாவி இடித்த இடம் சிவந்திருந்தது. அதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

"திங்கட்கிழமை நகராட்சிக்குப் போவியாம்மா?"

"போவேன்."

எர்சீலியா தலையைக் குனிந்தாள்.

"போய், பலகையை மாத்தி எழுதச் சொல்லுவேன். 'நாலு மணிக்கு மேல்'னு."

"அதுக்கு முன்னாடி வர்றவங்க?"

"என் கடையில காப்பி குடிக்கட்டும்!" என்றார் அமெரிகோ எதிரேயிருந்து.

எர்சீலியாவுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் அசந்துபோனது. அம்மாவின் மடியில் தலைவைத்தாள்.

"அம்மா, அவங்க எழுந்ததும் கதவை…"

"நான் பூட்டிக்கிறேன், கண்ணு."

அதைக் கேட்பதற்குள் எர்சீலியா தூங்கிவிட்டாள்.