உள்ளே போனது

அன்று சாயங்காலம் ஊதா விளக்கை வாயருகே பிடித்தபோது அவளுடைய ஈறு எரியவில்லை.

எலி அறையில் வேலை முடிந்தால் எல்லோரும் இருட்டறைக்குள் போய் அந்தக் கைவிளக்கை உடம்பெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எலிகளுக்குக் கொடுக்கிற மருந்தில் ஒரு சாயத்தைச் சேர்த்திருந்தார்கள். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது; இருட்டில் ஊதா விளக்கு பட்டால் பச்சையாக எரியும். கூண்டு கழுவுகிற அக்காவுக்கு நகக்கண்ணும் கண்ணின் வெள்ளையும் எரியும். இவளுக்கு உதடும் ஈறும். ஒரு கையில் எலியின் பிடரி, மறு கையில் சிரிஞ்சு. மூடியைக் கழற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது? பல்லால் கடித்து இழுப்பாள். அதனால் அங்கே அவளுக்கு அணில் என்று பேர் விழுந்துவிட்டது. ஆராய்ச்சியை நடத்துகிற சார் கண்டுபிடித்து அதட்டிய பிறகு கடிப்பதை விட்டுவிட்டாள். "இது கொழுப்புல போய் உக்காந்துக்கும். லேசுல எறங்காது," என்று அன்றே சொல்லியிருந்தார்.

லேசில் இறங்காதது இறங்கியிருந்தது. உதடு இருட்டு. நாக்கு இருட்டு. கண்ணாடியில் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள். அதுவும் இருட்டு.

"என்னடி அணிலு, எங்கயாவது ரகசியமா வைத்தியம் பாக்கறியா? எனக்கும் சொல்லேன்," என்றாள் அக்கா.

"நீ அழுக்கு மனசுக்கா. அதான் உனக்குப் போக மாட்டேங்குது."

"போடி. மூஞ்சியப் பாரு, புதுசாப் பொறந்தவ மாதிரி."

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அணிலும் சிரித்தபடியே கோட்டுப் பொத்தானில் கை வைத்தபோது சார் உள்ளே வந்தார். கையில் தட்டு. தட்டில், போன வாரம் குட்டி போட்டிருந்த ஒரு எலி. மார்பிலிருந்து அடிவயிறு வரை திறந்து, தோலை நான்கு புறமும் ஊசி குத்தி விரித்திருந்தது.

"விளக்கப் பிடி," என்றார். "சும்மா பாக்கத்தான்."

சாருக்கு அது வாய்ப்பழக்கம். கத்திரியை எடுக்கும்போதும் அதைத்தான் சொல்வார், தாலாட்டுகிற குரலில்.

அங்கே கூண்டுகளுக்கு அடியில் கம்பிவலை. வலைக்குக் கீழே மூத்திரத்துக்கு ஒரு பாத்திரம், புழுக்கைக்கு ஒரு பாத்திரம். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எந்த உறுப்பில் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த இடத்தின் பிழைப்பே. ஆண் எலிகளில் எல்லாம் சரியாக வந்தது. இந்தத் தாய் எலியில் மட்டும் பெரும்பங்கைக் காணவில்லை. பாத்திரங்களில் இல்லை. அவள் விளக்கைப் பிடித்தாள். ஈரலில் இல்லை. சிறுநீரகத்தில் இல்லை. கொழுப்பு வெறும் கொழுப்பாக, கறுப்பாகக் கிடந்தது.

"சுத்தமா இருக்கா பாத்தியா," என்றார் சார், ஆசையாக. "இப்ப குட்டிங்களப் பாரு."

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கூண்டை இழுத்தார். மயிர் முளைக்காத குட்டிகள், விரல் தடிமன்தான், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விளக்கைத் திருப்பியதும் கூண்டே பற்றிக்கொண்டது மாதிரி இருந்தது. மெல்லிய தோலுக்குள் வயிற்றுப் பால் பச்சையாக எரிந்தது. விலா எலும்புகளுக்குள் ஈரல் எரிந்தது. மண்டைக்குள்ளே, இன்னும் திறக்காத இமைகளுக்குப் பின்னால், மூளை எரிந்தது. ஒன்றும் சத்தம் போடவில்லை. நாலைந்து நாளாகவே அவை சத்தம் போடவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தன. சமர்த்துக் குட்டிகள் என்று அவளே அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

"தாய்க்கு வேற வழியில்ல. அத்தனையும் பால்ல எறக்கிட்டா. இவ சுத்தமாயிட்டா. அதுங்களுக்குத்தான் வெளிய தள்ளத் தெரியல."

அவள் ஓரடி பின்வாங்கியதில் விளக்கு சரிந்தது. ஊதா வெளிச்சம் அவள் கோட்டின் மேல் விழுந்தது.

மார்பில் இரண்டு ஈர வட்டங்கள். பச்சை.

சார் நிமிர்ந்து பார்த்தார். அவள் கோட்டை இழுத்து மூடினாள். துணியை நனைத்துக்கொண்டு வட்டங்கள் மெல்ல அகலமாகின.

"பால் வத்திப்போச்சுன்னு சொன்னியே."

பால் கொடுக்கிறவளுக்கு எலி அறையில் வேலை இல்லை. அதனால் சொன்ன பொய். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தாள். திட்டவில்லை. அவர் குரல் குழைந்துவிட்டது.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு சார்."

"எடை?"

எலிகளைப் பற்றிக் கேட்கிற அதே குரல்.

"சார், ஆஸ்பத்திரிக்கு..."

"எதுக்கும்மா பதறுற? நீ வீட்டுக்குப் போ. நான் பின்னாடியே வரேன். அதுவரைக்கும் பால நிறுத்திடாத."

கோட்டோடு ஓடினாள். விளக்கு கையிலேயே இருந்தது பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வழியெல்லாம் மழை, சன்னல் கண்ணாடியில் ஊர் கரைந்து ஒழுகியது, பக்கத்தில் யாரோ ஈரக் குடையை மடக்கினார்கள், அவளுக்கோ எலிப் புழுக்கையும் மரத்தூளும் கலந்த அந்த நெடி தன் மார்பிலிருந்தே வருவது போலிருந்தது, கையால் மூக்கைப் பொத்தினால் கையிலும் அதே நெடி.

மாமியார் கதவைத் திறந்தாள்.

"என்னடி இது, கோட்டோட வந்து நிக்கற?"

"பாப்பா எங்க அத்தை?"

"தூங்கறா. காலையிலேர்ந்து ஒரு அழுகை இல்ல. சமர்த்து. உன் புருஷன் இந்த வயசுல ஊரையே எழுப்புவான்."

லாரி ஓட்டப்போன புருஷன் வர இன்னும் நாளாகும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டதாகத்தான் நினைத்தாள். திரையை இழுத்துவிட்டாள். தொட்டில் துணிக்குள் மூச்சு சீராக ஏறி இறங்கியது. பால் வாசனை. குழந்தைத் தலையின் வெதுவெதுப்பான எண்ணெய் வாசனை. ஒன்றுமில்லை, ஒன்றுமிருக்காது, இது என்ன எலியா. விளக்கின் பொத்தானில் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

அழுத்தினாள்.

முதலில் துணி எரிந்தது. நெசவின் ஓட்டைகள் வழியே பச்சை கசிந்தது. துணியை விலக்கினாள். வயிறு. விலாக்கள், ஒவ்வொன்றாக. பிஞ்சு விரல்களின் நகம். உச்சந்தலையில் எலும்பு மூடாத அந்த மெத்தென்ற இடம், நாடித் துடிப்புக்குத் துடிப்பு, பச்சையாக எழும்பி அமுங்கியது.

அவள் தன் கையைப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள்.

இருட்டு. சுத்தம்.

வெளியே வண்டி நின்றது. வாசல் கதவு. மாமியாரின் குரலில் மரியாதை ஏறியது.

"வாங்க சார், உக்காருங்க. அவ உள்ளதான் இருக்கா."

"உங்க மருமக மாதிரி ஒரு வேலைக்காரி கெடைக்க மாட்டாம்மா."

"குழந்தையப் பாக்கவா இந்த மழையில வந்தீங்க?"

"ஆமாம்மா. சும்மா பாக்கத்தான்."

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். சன்னலில் கம்பி. நெருக்கமான கம்பி. ஒரு கை நுழையாது. விளக்கு தரையில் உருண்டு, அணையாமல், அவர்கள் இருவரையும் கீழிருந்து காட்டியது. குழந்தை விழித்தது. அழவில்லை. எரிகிற வாய் திறந்து அவள் மார்பைத் தேடியது.

"வேண்டாண்டி. வேண்டாம் கண்ணு."

தள்ளினாள். வாய் மறுபடி தேடியது. அவள் உடம்பு அவளைக் கேட்கவில்லை. பால் தானாக இறங்கியது. குழந்தையின் கன்னத்தில் ஒரு பச்சைக் கோடு. இன்னொன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாத காலடி.

ரப்பர் கையுறை மணிக்கட்டில் சுளீரென்று படிகிற சத்தம்.

அப்புறம் மற்றக் கைக்கு.

தாழ்ப்பாள் திறந்தே இருந்தது.